கோமதி சித்தி கொழும்புக்கு வந்தபோது

கருப்பட்டி வாசனையும் கப்பல் கரிப்புகையும் கலந்து ஒரு நெடி உண்டு. ஊரிலிருந்து விருந்தாளி வந்திருக்கிறார்கள் என்பதை, அவர்கள் முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே, அந்த நெடிதான் எங்களுக்குச் சொல்லும். கொழும்பில் ஒரு ஜவுளிக்கடையில் அப்பாவுக்குக் கணக்கப்பிள்ளை வேலை. தாமிரபரணிக் கரையில் எங்கள் ஊரிலிருந்து யார் கடல் தாண்டினாலும், வேலை தேடி வந்தாலும் சும்மா ஊர் பார்க்க வந்தாலும், மூட்டையை இறக்குவது எங்கள் வீட்டில்தான்.

வந்தவர்கள் லேசில் கிளம்பமாட்டார்கள். "இங்கன உள்ள தண்ணியில பருப்பே வேகமாட்டேங்கு" என்று குறை சொல்லிக்கொண்டே மூன்று வேளையும் திருப்தியாகச் சாப்பிடுவார்கள். படுக்கிற இடம் பறிபோவதால் எனக்கு அவர்களைக் கண்டாலே எரிச்சல். அம்மாவுக்கோ அவர்கள் வந்தால்தான் உயிர் வரும். காரணம் என் அக்கா பொன்னம்மாள். அம்மாவைப் பெற்ற தாத்தா தள்ளாத வயதில் ஊரில் தனியாக இருந்ததால், அவருக்கு ஒத்தாசையாக அக்காவை அங்கேயே விட்டுவிட்டு வந்திருந்தோம். "அடுத்த நடை கூட்டிட்டு வந்திருவோம்" என்று அப்பா சொல்லிச் சொல்லியே வருஷங்கள் ஓடின. பிள்ளை மெலிந்திருக்கிறாளா, தலைமுடி வளர்ந்திருக்கிறதா, எங்களைப் பற்றிக் கேட்டாளா என்று வருகிறவர்களை அம்மா துருவி எடுப்பாள்.

எங்கள் பக்கத்தில் அப்போது ஒரு வழக்கம் இருந்தது. சாவுச் சேதி கொண்டுவருகிறவர் அதை வந்ததும் வராததுமாகச் சொல்லமாட்டார். காதில் விழுந்துவிட்டால் அப்புறம் அந்த வீட்டில் அடுப்பு எரியாது, யாரும் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார்கள். ஆகையால், கேட்க வேண்டியவரை எப்படியாவது சாப்பிடவைத்து, கை கழுவின பிறகுதான் வாயைத் திறப்பார்கள்.

ஒரு மழைக்காலத்தில் கோமதி சித்தி வந்தாள். அம்மாவோடு ஒரே தெருவில் விளையாடி வளர்ந்தவள். தன் புருஷனோடு முதல்முறையாகக் கடல் தாண்டியிருந்தாள். அம்மா காலையிலேயே குளித்து, தேங்காய்ப்பால் பிழிந்து சொதி வைத்து, வாசலுக்கும் அடுப்பங்கரைக்குமாக நடந்துகொண்டிருந்தாள். துறைமுகத்திலிருந்து அவர்களை அழைத்துவந்த அப்பா, உள்ளே வராமல் வாசலிலேயே செருப்பைக் கழற்றுவதும் போடுவதுமாக நின்றார். அம்மா இலையைப் போட்டு, "உக்காருளா" என்றாள். சித்தி உட்காரவில்லை. அம்மாவின் கையிலிருந்த அகப்பையை வாங்கிக்கொண்டு, "ஏளா, மொதல்ல நீ ரெண்டு வாய் சாப்பிடு. நான் போடுதேன்," என்றாள்.

வந்த விருந்தாளி வீட்டுக்காரியை முதலில் சாப்பிடச் சொல்வது உலகத்தில் நடக்கிற காரியமா? அம்மா சித்தியையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, "எனக்கு இன்னைக்கு விரதம்," என்றாள். அன்றைக்கு ஒரு விரதமும் கிடையாது. அது எனக்கே தெரியும்.

மறுநாளும் விரதம் என்றாள். தான் சாப்பிடாத வரைக்கும் சித்தியால் அதைச் சொல்ல முடியாது, சொல்லாத வரைக்கும் அது நடக்கவும் இல்லை என்று பிடிவாதமாக இருந்தாள். சித்தி கஞ்சி காய்ச்சிக் கொண்டுவந்தாள், பழத்தை உரித்து நீட்டினாள், "ஒரு வாய் குடிளா, என்னைக் கொல்லாத" என்று கெஞ்சினாள். அவளும் சரியாகச் சாப்பிடவில்லை. அப்பாவுக்குத் துறைமுகத்திலேயே தெரிந்திருந்தது. அவர் கடையே கதி என்று கிடந்தார். அடுப்பங்கரைச் சுவரில் சாய்ந்து, உதடு வறண்டு, யாரையும் பார்க்காமல் அம்மா உட்கார்ந்திருந்தாள்.

அப்படி உட்கார்ந்தபடியே அவள் தன்னைத் தேற்றிக்கொண்டிருக்க வேண்டும்: தாத்தாவுக்கு வயதாகிவிட்டது, படுக்கையில் கிடக்கிறார், போய்ச் சேர்ந்திருப்பார். எழுந்து, தானே சோறு போட்டு, மோர் ஊற்றிப் பிசைந்து கொஞ்சம் விழுங்கினாள். கையைக் கழுவி முந்தானையில் துடைத்துக்கொண்டு, அழுவதற்குத் தயாராகவே, "சொல்லுளா. எங்கப்பா போயிட்டாவளா?" என்று கேட்டாள்.

சித்தி தலை நிமிரவில்லை. "உங்கப்பா நல்லாத்தாம்ளா இருக்காவ," என்றாள்.

அதற்குமேல் யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வாந்திபேதி என்பதும், விடிந்து பொழுது அடைவதற்குள் அக்கா கதை முடிந்துவிட்டது என்பதும் பிறகு அப்பா சொல்லித் தெரிந்தது. தின்ற சோற்றையெல்லாம் அம்மா முற்றத்தில் வாந்தியெடுத்தாள். அப்புறம்தான் அழுகை வந்தது.

அதன் பிறகும் ஊரிலிருந்து ஆட்கள் வந்தார்கள். அப்பா துறைமுகத்துக்குக் கிளம்பியதுமே அம்மா அடுப்பங்கரையில் நின்றபடி அவசர அவசரமாகச் சாப்பிட்டுவிடுவாள். வந்தவர்கள் படியேறும்போது, வாங்க என்று சொல்வதற்கு முன்னால், "நான் சாப்பிட்டாச்சு, சொல்லுங்க," என்பாள். கல்யாணச் சேதி கொண்டுவந்தவர்கள்கூடத் திகைத்துப்போய் நிற்பார்கள்.

அம்மாவும் சித்தியும் போய் எத்தனையோ காலமாகிவிட்டது. தூத்துக்குடிக் கப்பலும் நின்றுபோயிற்று. சாவுச் சேதி இப்போது தொலைபேசியில் வந்துவிடுகிறது. கேட்கிறவர் பசியோடு இருக்கிறாரா என்று யாரும் பார்ப்பதில்லை. பாளையங்கோட்டையில் என் பக்கத்து வீட்டுப் பெண், தங்கமான பெண், தினமும் மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து, "ஆச்சி, சாப்பிட்டாச்சா?" என்று கேட்கிறாள். பிரியமாகத்தான் கேட்கிறாள். சாப்பிட்டுக் கை கழுவியிருந்தாலும், நான் அவளிடம் ஒருநாளும் ஆமாம் என்று சொன்னதில்லை. "இன்னும் இல்லம்மா" என்றுதான் சொல்கிறேன்.