மோதிர விரல் இல்லாத கை

போன வாரம் மூக்குக்கண்ணாடிக் கடைப் பெண் என் கண்ணாடியை வாங்கி, 'ஹா' என்று ஊதித் துடைத்துத் தந்தாள். பனி எப்படிப் படர்ந்தது என்று அவள் பார்க்கவே இல்லை. எனக்குப் பதறியது. அதைப் பார்த்தே வருடக்கணக்காகச் சோறு தின்றவன் நான்.

எழுபதுகளில் தேனியில் ஒரு சின்னப் பட்டறையில் நான் வேதியியலாளர். பதவிதான் பெரிது; வேலை ஜீப்புகளின் முகப்பு விளக்குக் கிண்ணங்களுக்கு அலுமினியம் பூசுவது. காற்றை உறிஞ்சியெடுத்த கலத்துக்குள் அலுமினியக் கம்பியைச் சூடாக்கினால், ஆவியாகி எதிரே இருப்பதன்மீது மெல்லிய தோலாகப் படியும். அதற்குமுன் பரப்பு சுத்தமா என்று ஊதிப் பார்க்கவேண்டும். சீராகப் பனித்தால் சுத்தம். திட்டுத் தெரிந்தால் மறுபடி அமிலம். பம்பு எண்ணெய் வாடை என் சட்டையில் ஊறியிருக்கும். பஸ்ஸில் பக்கத்துச் சீட்டு எப்போதும் காலி.

அந்த வாடைக்கு முகம் சுளிக்காமல் அருகில் வந்து நின்றவள் பேச்சியம்மாள், கம்பத்துக்காரி. அவள் கணவர் எங்களிடம் விளக்குப் பூசக் கொடுக்கும் ஜீப் டிரைவர். அவருடைய இடது கை மோதிர விரலை ஃபேன் பெல்ட் தின்றிருந்தது. குமுளி மலைப்பாதையில் ஜீப்போடு விழுந்து இறந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. அவர் சவரம் செய்யும் கண்ணாடி, பின்னால் ரசம் உரிந்து அவள் கையில் இருந்தது.

மிச்ச ரசத்தை அமிலத்தில் கரைத்தேன், கழுவினேன், ஊதினேன். பனிக்குள் ஒரு கை எழுந்தது. மோதிர விரல் இல்லை.

மறுபடி கழுவி ஊதினேன். அதே கை. தினமும் ஒரே இடத்தில் பிடித்த வியர்வை உப்பு கண்ணாடியையே அரித்திருக்கும் என்று அவளுக்கு விளக்கினேன். என் குரல் எனக்கே நம்பும்படி இல்லை.

"அவுக கைதேன்," என்றாள். "அழிச்சிராதீக சார். பூசுனா தெரியுமா?"

"புகை மாதிரித் தெரியும்மா. பூச்சு குறையா வரும்."

"குறையாவே இருக்கட்டும்."

மறுநாள் காலை, ரசம் பூச வந்திருந்த ஏழெட்டுக் கண்ணாடிகளோடு அதுவும் மேசையில் கிடந்தது. அரிப்பு இருந்தால் மெருகுப் பொடி போட்டுத் தேய்ப்பது முறை. யோசிக்காமலே தேய்த்துவிட்டேன். ஊதினேன். மூலைக்கு மூலை ஒரே சீர். என் வாழ்நாளில் அவ்வளவு சுத்தமாக எதையும் துலக்கியதில்லை.

மதியம் அவள் வருவாள்.

நெற்றி எண்ணெயை இடது கையில் தடவி, மோதிர விரலை மடக்கி, கண்ணாடியில் அழுத்தினேன். பூசினேன். படித்த படிப்புக்கு அதைவிடத் துரோகம் வேறில்லை.

பேச்சியம்மாள் கண்ணாடியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். புகைபோல் அந்தக் கை. தன் உள்ளங்கையை அதன்மேல் வைத்து அளந்தாள்.

"நேத்தைக்கு இன்னைக்கு எளச்சுப் போயிட்டாகளே," என்றாள். புடவைத் தலைப்பில் சுற்றி எடுத்துக்கொண்டு போனாள்.

இப்போது ஜீப் விளக்கெல்லாம் பிளாஸ்டிக். பட்டறை இருந்த இடம் கல்யாண மண்டபம். பேச்சியம்மாளும் இல்லை. கடைசிவரை காலையில் எழுந்ததும் அந்தக் கையைத் தொட்டுவிட்டுத்தான் அடுப்படிக்குப் போவாள் என்று கம்பத்தில் சொன்னார்கள். வீட்டை இடித்தபோது கண்ணாடியை யார் எடுத்துப்போனார்களோ, தெரியவில்லை. எங்கோ ஒரு சுவரில், செத்தவர் கையாக, என் கை இருக்கிறது.