நான் பிடுங்கிய துணைச் செடிகள்

எனக்குக் கை சும்மா இருக்காது. வயலில் ஒரு செடி மற்றதைப் போல இல்லை என்றால், அதைப் பிடுங்கிப் போடும் வரை நிம்மதி வராது. பிறந்த வீடு களமருதூர் பக்கம். அங்கே விதைநெல் போடுவோம். வேறு ரகம் ஒன்றிரண்டு கலந்து நின்றாலும் விதை கெட்டுவிடும் என்று வரிசை வரிசையாக நடந்து அவற்றைப் பிடுங்குவோம். கலவன் எடுப்பது என்று அதற்குப் பெயர். அதில் என் கண்ணுக்குத் தப்பியது எதுவும் இல்லை என்று இன்றைக்கும் பெருமையடிப்பேன்.

என்னைக் கட்டிக்கொடுத்தது சின்னசேலத்துக்குப் பக்கத்தில். வீட்டுக்காரருக்கும் அவருடைய அண்ணனுக்கும் நிலம் பொது. பெரியவர் வைத்ததுதான் சட்டம், போடுவது கரும்புதான். போன வருடம் தையில் வீட்டுக்காரர் கால் காணியை மட்டும் தனக்கு விடச்சொல்லிக் கேட்டார். கொட்டையில்லாத தர்பூசணி போடப்போகிறாராம்.

"கொட்டையே இல்லாத பழத்துக்கு வெத எங்கேர்ந்துடா வரும்?" என்று பெரியவர் சிரித்தார்.

நியாயமான கேள்விதான். நாற்றுப்பண்ணையில் கேட்டுவந்து இவர் எனக்கு விளக்கினார். சாதாரணச் செடியில் குரோமோசோம் இரண்டு தொகுதி இருக்குமாம். மருந்து வைத்து ஒரு செடியில் அதை நான்காக்கி, அதைத் தாயாகவும் சாதாரணச் செடியைத் தகப்பனாகவும் வைத்தால், பிறக்கும் விதைக்கு மூன்று தொகுதி. மூன்றைச் சரிபாதியாகப் பிரிக்க முடியாது, அதனால் அந்தச் செடியின் பழத்தில் விதை பிடிக்காது.

"பாகம் பிரிக்கத் தெரியாத குடும்பம்னு சொல்லுங்க," என்றேன். பெரியவர் காதில் விழுந்ததா என்று இவர் திரும்பிப் பார்த்தார்.

பெரியவர் ஒரு போகம் விட்டுக்கொடுத்தார். காய்க்காவிட்டால் மறுபடி கரும்பு, அப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கக்கூடாது.

நடவின்போது நான் தங்கையின் பிரசவத்துக்காக அம்மா வீட்டில் இருந்தேன். திரும்பி வந்தபோது கொடி ஓட ஆரம்பித்திருந்தது. ஒருநாள் காலை இவர் உரம் வாங்கப் போனதும் நான் வயலில் இறங்கினேன். மூன்று செடிக்கு அடுத்து ஒரு செடி, இலை மெலிந்து கிழித்துவிட்டது போல நின்றது. ஒழுங்காக நாலுக்கு ஒன்று வருகிறதே என்று யோசித்திருக்கலாம். கோபத்தில் யார் எண்ணுகிறார்கள். நாற்றுக்காரன் கலந்து கொடுத்து ஏமாற்றிவிட்டான் என்று, ஒன்று விடாமல் பிடுங்கி மாட்டுக்கும் போட்டுவிட்டேன்.

வந்தவர் வரப்பிலேயே நின்றுவிட்டார். "இன்னா பண்ணிக்கினு இருக்க?"

"கலவன் எடுத்தேங்க. உங்கள நல்லா ஏமாத்தியிருக்கான்."

"அது கலவன் இல்ல, துணைச் செடி." அவர் குரல் ஏறவில்லை. "நம்ம செடியோட மகரந்தம் வேலைக்கு ஆவாது. அந்தச் செடிப் பூவுலேர்ந்து தேனீ எடுத்தாந்து வெச்சாத்தான் பிஞ்சு நிக்கும்."

ஏன் முன்னாடியே சொல்லவில்லை என்று அவர் மேலேயே பாய்ந்தேன். தப்பு என்னுடையது என்று சொல்ல வாய் வரவில்லை. அவர் திட்டியிருந்தால் சண்டை போட்டு ஆறியிருப்பேன். அவரோ சாப்பிட வா என்றார்.

பெண் பூக்கள் வந்தன. அடியில் குட்டிப் பிஞ்சோடு மலர்ந்து, இரண்டு நாளில் மஞ்சளாகி உதிர்ந்தன. நைனார்பாளையத்தில் அவருடைய சிநேகிதர் ஒருவர் சாதாரணத் தர்பூசணி போட்டிருந்தார். விடிந்ததும் இவர் பைக்கில் அங்கே போய், ஈரத்துணி போட்ட தூக்குவாளியில் ஆண் பூக்களைப் பறித்து வருவார். வெயில் ஏறுவதற்குள் இரண்டு பேரும் குனிந்து, ஒவ்வொரு பெண் பூவிலும் ஆண் பூவைத் தடவுவோம். இப்படி இரண்டு வாரம். முதுகு விட்டுப்போனது.

"இந்தத் தேனீக்கெல்லாம் இடுப்பே வலிக்காதா?" என்று கேட்பார். எனக்குச் சிரிப்பும் வரும், அழுகையும் வரும். அதற்கு முன் அந்த மனிதர் மேல் எனக்கு அவ்வளவு ஆசை வந்ததில்லை.

பிஞ்சு நின்றது. முதல் பழத்தைப் பெரியவர்தான் வயலில் வைத்து அறுத்தார். நல்ல சிவப்பு. அங்கங்கே வெள்ளையாக மெல்லிய தோல் தவிரக் கொட்டை இல்லை. இரண்டாவது துண்டை அவரே கேட்காமல் எடுத்துக்கொண்டார்.

"அடுத்த போகமும் இதையே போட்டுக்கடா," என்றவர் என் பக்கம் திரும்பினார். "ஆனா இவன மாதிரி ஒரு கேனப்பையன் உண்டாம்மா? துணைச் செடியக் களைன்னு நெனச்சு இவனே புடுங்கிட்டு, பூவத் தூக்கிக்கினு அலைஞ்சானே. ஊரே சிரிச்சுது."

எனக்கு அப்போதுதான் தெரியும். ஊர் முழுக்க இவர் அப்படித்தான் சொல்லியிருக்கிறார். இப்போதும் என்னைப் பார்க்காமல் பழம் தின்றுகொண்டிருந்தார்.

"அவரு இல்லீங்க மாமா. நான்தான் புடுங்குனேன்," என்றேன்.

பெரியவர் கையிலிருந்த துண்டைக் கீழே வைத்தார். அத்தனை நாளும் ஒரு வார்த்தை கடிந்து சொல்லாத என் வீட்டுக்காரர் அன்றைக்குத்தான் என்னைத் திட்டினார். "உன்ன யாரு கேட்டா? வாய மூடிக்கினு பழத்தத் தின்ன மாட்டியா?"