அண்ணியின் காலுக்கு ஏற்ற பிரேக்

ஆம்பூரிலிருந்து அண்ணன் எழுதிய இன்லண்ட் கடிதம் ஒன்று என்னிடம் இருக்கிறது. தேதி 11-3-1982. நலம் விசாரிப்பு ஒரு வரியில் முடிந்துவிடுகிறது. பிறகு: "புதுப்பேட்டைக்குப் போய், முன் சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக் கிடைக்குமா என்று பார். ட்ரம் என்ற வார்த்தையை மட்டும் யாரிடமும் வாயில் எடுக்காதே. உன் அண்ணி இன்னும் பஸ்ஸில்தான் வருகிறாள்."

அந்தக் கடைசி வரிக்காகத்தான் மற்ற வரிகள்.

அண்ணன் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் மெஷின்களைப் பராமரிக்கும் வேலையில் இருந்தார். அண்ணி வேலூரில் நர்ஸ். எலும்பு முறிவு வார்டு. வாரம் முழுவதும் ஹாஸ்டலில் தங்கி, ஓய்வு நாளில் ஆம்பூர் வருவார். அவரை அழைத்து வருவதற்கென்றே அண்ணன் பழைய ஹெரால்டு கார் ஒன்றை வாங்கினார். வாங்கியதை அப்படியே விட்டிருந்தால் இதை எழுத வேண்டியிருக்காது. கூரையை வெட்டினார், உடம்பைத் தாழ்த்தினார், எஞ்சினைப் பிரித்து இரண்டு கார்புரேட்டர் வைத்தார். இருக்கைகளுக்கு, கம்பெனியில் நிறம் சரியில்லை என்று ஒதுக்கிய சிவப்புத் தோல். எங்கள் பக்கத்தில் அப்படி ஒரு ஸ்போர்ட்ஸ் காரை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. வேகம் கூடியது. பிரேக் மட்டும் பழையதாகவே இருந்தது.

1981 மழைக்காலத்தில் ஒருநாள், விரிஞ்சிபுரம் திரும்பும் இடத்தருகே சாலையை ஆட்டு மந்தை அடைத்துக்கொண்டு வந்தது. அண்ணன் மிதித்தார். கார் நின்றது, ஆனால் முதல் ஆட்டின் மூச்சு பம்பரில் படும் தூரத்தில். அண்ணி கதவைத் திறந்து இறங்கி, பின்னால் வந்த பஸ்ஸைக் கைகாட்டி நிறுத்தி ஏறிக்கொண்டார். பை காரிலேயே இருந்தது. அதை எடுக்கக்கூடத் திரும்பவில்லை.

அன்றிரவுச் சாப்பாட்டின்போது அவர் சொன்னதை அண்ணன் எனக்குப் பலமுறை திருப்பிச் சொல்லியிருக்கிறார்: "என் வார்டுல படுத்திருக்கவங்க எல்லாம் நல்லா ஓடுற வண்டில போனவங்கதாங்க. நீங்க நல்லா நிக்கிற வண்டியா கொண்டாங்க, ஏறுறேன்."

அதன் பிறகு ஒரு வழக்கம் உண்டானது. ஓய்வு நாளில் அண்ணி பஸ்ஸில் வருவார். அவருடைய பை காரில் வரும். அண்ணன் வேலூரிலிருந்து ஆம்பூர் வரை பஸ்ஸை முந்தாமல் பின்னாலேயே ஓட்டி வருவார். அந்தத் தடத்துக் கண்டக்டருக்கு இது நல்ல பொழுதுபோக்கு. "சிஸ்டர், பை பள்ளிகொண்டா தாண்டிருச்சு," என்று பின் கண்ணாடி வழியாகப் பார்த்து அறிவிப்பாராம்.

அப்போது நான் சென்னையில் ஓர் அலுவலகத்தில் குமாஸ்தா. நூலகத்தில் மோட்டார் பத்திரிகைகள் படிப்பவன் என்பதால் ஆராய்ச்சி என் தலையில் விழுந்தது. பழைய பிரேக்கில், சக்கரத்தோடு சுற்றும் கிண்ணம் போன்ற பாகம்தான் ட்ரம். அதற்குள் ஷூ எனப்படும் இரண்டு வளைந்த துண்டுகள் விரிந்து அழுத்தும். ஷூவின் மேல் ஒட்டியிருக்கும் பட்டை லைனிங். அடிக்கடி மிதித்தால் உள்ளே சூடு அடைந்து பிடிப்பு குறையும். பெரிய ட்ரம் போட்டால் சூட்டைக் கொஞ்சம் அதிகம் தாங்கும். டிஸ்க் என்றால் ஒரு தட்டு, அதை இருபுறமும் இடுக்கி போலக் கவ்வும் அமைப்பு. காற்றுப் படுவதால் சீக்கிரம் ஆறிவிடும், ஆனால் கிடைப்பது கஷ்டம். இதையெல்லாம் படம் போட்டு எழுதினேன். அண்ணன் சுலபமான வழியைத் தேர்ந்தெடுத்தார்: பெரிய ட்ரம்.

கம்பெனி ஸ்டோர் கீப்பர் வாணியம்பாடிக்காரர், அண்ணனின் நெருங்கிய தோஸ்த். பல ஊர்களில் சாமான் வாங்கிப் பழகியவர். மெஷின் சத்தத்துக்கு நடுவே அண்ணன் அவரிடம், பெரிய ட்ரம் வேண்டும், அதற்கு ஷூவும் லைனிங்கும் வேண்டும், வீட்டுக்கே அனுப்பிவிடு என்று சொல்லிவிட்டு வந்தார்.

ஆம்பூரில் இந்த மூன்று சொற்களும் தோலுக்குச் சொந்தமானவை. பதனிடும் தொழிற்சாலையில் தோலைப் போட்டுச் சுற்றும் ராட்சத மரப் பீப்பாய்தான் அங்கே ட்ரம். ஷூ என்றால் ஷூ. லைனிங் என்றால் அதன் உள்ளே தைக்கும் மெல்லிய ஆட்டுத்தோல். எனக்கு இது தோன்றியிருக்க வேண்டும், தோன்றவில்லை. பிறந்ததிலிருந்து அந்த வாசனையிலேயே வளர்ந்த அண்ணனுக்கும் தோன்றவில்லை.

அண்ணி வீட்டில் இருந்த ஒரு நாள் காலை, லைனிங் தோல் ஒரு கட்டு வந்து இறங்கியது. அதோடு ஒரு தச்சரும் வந்தார். நேராகப் பின்கட்டுக்குப் போய் டேப்பை விரித்து அளக்கத் தொடங்கினார்.

"இன்னா அளக்கிறீங்க?" என்று அண்ணி கேட்டார்.

"ட்ரம் வெக்கணும்னாங்கமா. எட்டடி. கிணத்தாண்ட வெச்சா தண்ணிக்குத் தோது."

"காருக்கா?"

தச்சர் காரைப் பார்த்தார். பிறகு அண்ணியைப் பார்த்தார். "காருக்குன்னு சொல்லலியேமா."

வேலை முடிந்து வந்த அண்ணனிடம் அண்ணி முகத்தைத் திருப்பாமல் சொன்னார்: "எட்டடி ட்ரம் போட்டா நிச்சயம் நிக்குங்க. கெளம்பவே கெளம்பாது."

மறுநாள் அண்ணன் சண்டைக்குப் போனபோது தோஸ்த் அசரவில்லை. "ட்ரம்னு சொன்னே, ஷூன்னு சொன்னே, லைனிங்னு சொன்னே. காருன்னு எப்போ சொன்னே? என்னைப் பேஜார் பண்ணாதே."

ஊர் முழுக்கப் பரவிவிட்டது. டீக்கடையில், பதனிடும் வேலை எப்போது ஆரம்பம் என்று கேட்டார்கள். ட்ரம் இருக்கிற வண்டியில் இனி ஏறவே மாட்டேன் என்று அண்ணியும் அறிவித்துவிட்டார். அதில் எவ்வளவு விளையாட்டு, எவ்வளவு நிஜம் என்று அண்ணனால் பிரிக்க முடியவில்லை. அந்த வாரம்தான் எனக்கு அந்தக் கடிதம் வந்தது.

பழைய கார் பாகங்கள் விற்கும் புதுப்பேட்டையில் பல சனிக்கிழமைகள் அலைந்தேன். கடைசியில் ஒரு கடைக்காரர், இதே வகையைச் சேர்ந்த இறக்குமதிக் கார் ஒன்றிலிருந்து கழற்றிய முன் சக்கர டிஸ்க்குகளைக் கோணி விலக்கிக் காட்டினார். தட்டில் கீறல் இல்லை. ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு ஆம்பூருக்குக் கொண்டுபோனேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, கம்பெனி மைதானத்தில் சோதனை. அண்ணன் ஓட்டினார், மிதித்தார், கார் சொன்ன இடத்தில் நின்றது. ஓரமாக நின்றிருந்த அண்ணி செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தார். அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து கியர் போட்டுக் கொடுக்க, அண்ணி ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு போய் மிதித்தார். கார் சுவர் வரை மெதுவாக உருண்டுபோய்த்தான் நின்றது. டிஸ்க்குக்கு ட்ரம்மைவிட அதிக அழுத்தம் வேண்டும். அதை நான் எழுதியிருந்தேன். அண்ணன் தன் காலை வைத்தே கணக்குப் போட்டிருந்தார்.

"உங்க காலுக்கு நிக்குது. என் காலுக்கு நிக்கலியே."

"நீ எதுக்கு மிதிக்கணும்? ஓட்டறது நான்தானே?"

"ஓட்டறப்ப உங்களுக்கு ஏதாச்சும் ஆயிட்டா, யாருங்க மிதிக்கிறது?"

அன்று மாலை என்னை ரயிலேற்ற வந்த அண்ணன், எஞ்சினின் உறிஞ்சு சக்தியால் காலுக்கு உதவும் சர்வோ எங்கே கிடைக்கும் என்று மட்டும் கேட்டார்.

சர்வோ வந்து பொருத்திய பிறகு மறுபடி அதே மைதானம். அண்ணி மிதித்தார். கார் சட்டென்று நின்றது. பின்னால் வைத்திருந்த அவருடைய பை பறந்து வந்து அண்ணனின் காலடியில் விழுந்தது. அண்ணி அதை எடுத்துத் தூசி தட்டினார். இறங்கிச் சுற்றிவந்து, அண்ணனை ஓட்டுநர் இருக்கைக்குத் தள்ளிவிட்டு, இடப்பக்கச் சிவப்புத் தோலில் பையோடு உட்கார்ந்தார்.

"போலாம்," என்றார்.

அடுத்த ஓய்வு நாளில் அவர்கள் பஸ்ஸை முந்தினார்கள். கண்டக்டர் படியில் தொங்கியபடி சலாம் வைத்தாராம்.

ஒன்றைச் சேர்க்க வேண்டும். அந்தக் காருக்குப் பின் சக்கர டிஸ்க் எனக்குக் கிடைக்கவே இல்லை. பின்னால் கடைசி வரை இருந்தவை பழைய ட்ரம்கள்தான். அண்ணிக்கு இது தெரியாது என்பது அண்ணனின் உறுதியான நம்பிக்கை. அண்ணியிடம் இரண்டு முறை கேட்டேன். முதல் முறை சிரித்தார். இரண்டாம் முறை, காபி வேண்டுமா தம்பி என்று கேட்டார். தெரிந்தே ஏறினாரா என்பது இதை எழுதும்வரை உறுதிப்படவில்லை.