மாமியார் நெய்த துணி

கனடாவில், ஸ்காபரோவில் என்னோடு ஒரே தொழிற்சாலையில் வேலை செய்தவர் அவர். ஒல்லியான உருவம். எதற்கும் முதலில் சிரித்துவிட்டுத்தான் பதில் சொல்வார். என்னைப்போல யாழ்ப்பாணத்துக்காரர், மனைவி அசாமியப் பெண். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு கோடையில் மனைவியின் மலையூருக்குப் போய்வந்தவர், மதிய இடைவேளையில் கழுத்தில் வெள்ளைத் துணியொன்றைச் சுற்றிக்கொண்டு வந்தார். அதன் கரை சிவப்பு.

“கமோசா எண்டு சொல்லுறது, அண்ணை. மாமி தன்ர கையால நெய்தவ. வீட்டுக்கு வாற ஆளுக்கு வாசலிலயே கழுத்தில போட்டுவிடுவினம்.”

நாட்டில் நடந்த சண்டையால் இருவருக்குமே சொந்த ஊர் போக வழியில்லை. அவருக்கு மட்டும் இன்னோர் ஊர் கிடைத்திருந்தது. எனக்குப் பொறுக்கவில்லை.

“அங்க மழை விடாதாமே?”

“ஓம், உடுப்பே காயேல்லை. ஆனா தேயிலைக்கு நடுவில நடந்தா எங்கட செருப்புச் சத்தம் மட்டும்தான் கேக்கும். அப்பிடியொரு அமைதி.”

“அட்டை கடிச்சிருக்குமே?”

“கடிச்சதுதான்!” சிரித்தார். “அடுத்தமுறை நீங்களும் வாங்கோவன். மாமி உங்களுக்கும் ஒண்டு நெய்வா.”

“லீவு இல்லை” என்றேன்.

பதினேழு நாள் விடுமுறை மீதமிருப்பதாக அன்று காலைதான் நாட்குறிப்பில் எழுதியிருந்தேன்.

இன்னொரு முறை கேட்பார் என்று அந்தக் குளிர்காலம் முழுவதும் அவருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து சாப்பிட்டேன். அவர் கேட்கவில்லை.