பிள்ளை கறுத்துரும்

என் மகள் ஒன்றரை வயதில் மண் தின்றாள். தின்னாத பிள்ளை உண்டா என்று சிரித்தார்கள். திராட்சைப் பந்தலுக்குக் கீழே உட்கார வைத்தால் ஈர மண்ணாகப் பார்த்து அள்ளி வாயில் போடுவாள். வீட்டுக்குள் விட்டால் சுவரில் பெயர்ந்த சுண்ணாம்பை நகத்தால் சுரண்டுவாள். சோற்றுக்கு மட்டும் வாயை இறுக்கிக்கொள்வாள். நாளுக்கு நாள் வெளுத்துக்கொண்டும் வந்தாள். அந்த வெளுப்பைத்தான் ஓடைப்பட்டியில் எங்கள் தெருவே அழகு என்று கொண்டாடியது.

எங்கள் வீட்டில் யாருக்கும் அந்த நிறம் கிடையாது. நான் நல்ல கறுப்பு. என்னைப் பெண் பார்க்க வந்த அன்று என் கணவரின் அக்கா, என் காதில் விழும்படியே, "நிறந்தேன் மட்டு, போகட்டும், குணத்தப் பாப்போம்" என்றவர். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பார்கள். நான் வாழ வந்த வீட்டில் குஞ்சு பொன்னாக இருந்தால்தான் காக்கைக்கே பிடிக்கும்.

அந்த நாத்தனார் பக்கத்து வீட்டில் இருந்தார். அவருக்குப் பள்ளிக்கூடம் போகும் ஒரு மகன். தம்பி மகளை அக்கா மகனுக்குக் கட்டுவது எங்களில் முறை. என் மகள் பிறந்ததும் அவள் நாக்கில் சீனித் தண்ணீர் தொட்டு வைத்தவர் அவர்தான். வைக்கும்போதே "மருமகளே" என்றார். ஆடு பகை, குட்டி உறவு. பிள்ளை வெளுக்க வெளுக்க அந்த உறவு கெட்டியானது. போனில் படம் எடுத்து, சின்னமனூர் சொந்தம், போடி சொந்தம் எல்லாருக்கும் காட்டினார். "எம் மருமகளப் பாத்தியாடி, பாலு கணக்கா இருக்கா!"

எனக்கு அந்த மண் தின்பதுதான் உறுத்தியது. தேனிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். டாக்டர் பிள்ளையின் கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்த்தார். நகத்தை அழுத்திப் பார்த்தார். "எத்தனை நாளா மண்ணு திங்கிறா?" என்று அவராகவே கேட்டார். நான் இன்னும் வாயே திறக்கவில்லை. ரத்தப் பரிசோதனைச் சீட்டு வந்ததும் சொன்னார்: ரத்தம் மிகக் குறைவு, இதற்கும் கீழே இறங்கினால் படுக்க வைத்து ஏற்ற வேண்டி வரும். இரும்புச் சத்தும் விட்டமினும் கலந்த சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார். பாலில் கலக்கக் கூடாது, எலுமிச்சைச் சாறு விட்டால் நல்லது, பல்லில் கறை படியும், மலம் கறுப்பாகப் போகும், பயப்படாதே என்றார். பயப்படுகிறவள் நான் இல்லை என்பது அவருக்குத் தெரியாது.

அந்த மருந்தை நானே நாக்கில் விட்டுப் பார்த்தேன். துருப்பிடித்த ஆணியைச் சப்பியது போல இருந்தது. அதற்கு மேல் யாரோ ஒரு புண்ணியவான் ஆரஞ்சு வாசனை வேறு சேர்த்திருந்தான். பிள்ளை முதல் சொட்டிலேயே கண்டுபிடித்துவிட்டாள். தேனில் கலந்தேன், தேனையும் சேர்த்துத் துப்பினாள். வாழைப்பழத்தில் பிசைந்தேன், பழத்தை மட்டும் விழுங்கி மருந்தை எப்படித்தான் பிரித்தாளோ, வெளியே தள்ளினாள். எங்கள் தோட்டத்துப் பன்னீர் திராட்சையைப் பிழிந்து அதில் விட்டேன். அதன் பிறகு திராட்சையைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். திராட்சைக்காரன் வீட்டுப் பிள்ளை திராட்சை தின்னாது என்று அதற்கும் ஒரு பேச்சுக் கேட்டேன். மூடி திறக்கும் சத்தத்துக்கே கட்டிலுக்கடியில் போய் ஒளிவாள். என் சேலை முந்தானை எல்லாம் துருக்கறை. எலுமிச்சையும் உப்பும் போட்டுத் தேய்த்தாலும் கொஞ்சம் மிச்சம் நிற்கும்.

என் கணவர் மருந்து கொடுக்கிற நேரம் பார்த்துச் செருப்பை மாட்டிக்கொள்வார். "வேணாங்கிற பிள்ளையப் போட்டு ஏன் இந்தப் பாடு படுத்துற?" என்று வாசலில் நின்று கேட்டுவிட்டுப் போவார். நாத்தனார் எங்கேயும் போகவில்லை. முன்னால் நின்று பார்த்தார். பிள்ளையின் மலம் கறுப்பாகப் போன அன்று தெருவைக் கூட்டாத குறை.

"உள்ள எல்லாம் கறுத்துப் போச்சு, பாரு! இனி வெளியவும் வரும். பிள்ளை கறுத்துரும், சொல்லிட்டேன்."

"டாக்டரே சொன்னாக மதினி, அது அப்பிடித்தேன் போகுமாம்."

"அவுகளுக்கென்ன? அவுக வீட்டுப் பிள்ளையா கறுக்கப் போகுது?"

அந்த மாதம்தான் தோட்டத்தில் வடக்கு வரிசைக் கொடிகளில் கொழுந்து இலை மஞ்சளித்தது. இலை வெளுத்து, நரம்பு மட்டும் பச்சையாக நின்றது. என் கணவர் ஒரு இலையைக் கிள்ளி வெயிலில் பிடித்துப் பார்த்தார். "இரும்புச் சத்துப் பத்தல" என்றார். டாக்டர் இமையை இழுத்துப் பார்த்த அதே பார்வை. மத்தியானச் சாப்பாட்டுக்குக்கூட நிற்காமல் தேனிக்குப் போய் அன்னபேதி உப்பு வாங்கி வந்தார். டிரம்மில் கரைத்தார். பிறகு ஒரு கூடை எலுமிச்சம்பழத்தை என்னிடம் கொடுத்துப் பிழியச் சொன்னார். சாறு சேர்த்தால்தான் இலை சத்தை இழுக்குமாம்.

நான் பிழிந்தேன். கை முழுக்கச் சாறு. கேட்டேவிட்டேன்.

"ஏங்க, இதே நோய்தானே உங்க மகளுக்கும்? இதே இரும்பு, இதே எலுமிச்சை. இதுக்கு மட்டும் ஓடுறீங்க?"

அவர் சிரித்தார். "கொடி வெளுத்தா வெல போகாதுல்ல" என்றார்.

பிள்ளை வெளுத்தால் விலை கூடும் என்பதை அவர் சொல்லவில்லை. அவர் அக்கா நாள் தவறாமல் சொல்லிக்கொண்டிருந்ததால், அவர் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஸ்பிரேயரை முதுகில் மாட்டிக்கொண்டு வரிசை வரிசையாக, ஒரு இலை விடாமல் நனைத்தார். கொடிக்கு வாய் இல்லை, துப்பாது. அன்று அந்த மனிதரின் பொறுமையைப் பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரிந்தது.

அப்போது தேனியில் ஒரு காய்கறி மண்டியில் கம்ப்யூட்டரில் பில் போடும் வேலை எனக்கு. சீசன் தொடங்கியதால் விடியற்காலை பஸ்ஸுக்கே ஓட வேண்டியிருந்தது. மருந்தோ சோற்றுக்கு முன்னால், வெறும் வயிற்றில் கொடுக்க வேண்டியது. பகலில் பிள்ளையை வைத்திருந்தவர் நாத்தனார். "நாந்தேன் குடுக்கிறேனே, எங்கிட்டன்னா குடிப்பா" என்று அவரே வாங்கிக்கொண்டார். பாட்டில் ஒழுங்காகக் குறைந்தது. துப்பிய கறையும் இல்லை, அழுகையும் இல்லை என்றார். என்னிடம் குடிக்காத பிள்ளை அவரிடம் குடிக்கிறாளே என்று எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது.

அடுத்த முறை ரத்தம் பார்த்தபோது முன்னைவிட இறங்கியிருந்தது. "மருந்து உள்ளயே போகலம்மா" என்றார் டாக்டர். உடனே படுக்க வைக்கச் சொன்னார். துணி எடுக்கப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டே ஊருக்கு வந்தவள் நேரே நாத்தனார் வீட்டுப் பின்பக்கம் போனேன். துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில், தண்ணீர் ஓடுகிற சிமென்ட் வாய்க்காலில், பழுப்பாக ஒரு கோடு இறங்கியிருந்தது. என் முந்தானையில் நான் தேய்த்துத் தேய்த்துப் பார்த்த நிறம். யாரும் எனக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

"ஆமா, ஊத்தினேன்" என்றார். கொஞ்சமும் மறைக்கவில்லை. "நீ பாட்டுக்கு வேலைக்குப் போயிர்ற. கறுத்துப் போனா நாளைக்கு எம் மகன் ஏறெடுத்துப் பாப்பானா? அவளுக்கு நல்லது நெனச்சவ நாந்தேன்."

பின்னால் வந்து நின்ற என் கணவர், "அக்கா நல்லதுக்குத்தேன் செஞ்சிருக்கும். இங்கன நின்னு சண்டை போடாத, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றார். அந்த இரண்டு வாக்கியத்தை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. மன்னிக்கிற எண்ணமும் இல்லை.

ஆஸ்பத்திரியில் என் மகளின் கையில் நரம்பு கிடைக்காமல் மாற்றி மாற்றிக் குத்தினார்கள். அவளுக்கு உரக்க அழக்கூடத் தெம்பில்லை. யாரோ கொடுத்த ரத்தம் சொட்டுச் சொட்டாக இறங்கியது. அந்தச் சொட்டை அவளால் துப்ப முடியவில்லை.

வேலையை விட்டேன். யாரும் விடச் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அதன் பிறகு மருந்து முழுக்க என் கையில்தான். கால்களுக்கிடையில் இடுக்கி, கன்னத்தை அழுத்தி, கன்னத்து ஓரமாகக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, விழுங்கும் வரை தொண்டையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். துப்பினால் மறுபடி. என் மடியைக் கண்டாலே ஓடினாள். இரவு தூக்கத்தில் தேடி வரும் கை அவள் அப்பாவைத்தான் தேடியது. ஓடினால் ஓடட்டும், ஓடத் தெம்பு வந்திருக்கிறதே என்று பல்லைக் கடித்துக்கொண்டு கொடுத்தேன்.

தெம்பு வந்தது. மண் தின்பது நின்றது. இமையின் உள்பக்கம் சிவந்தது. சோற்றுத் தட்டைப் பிடுங்கித் தின்றாள். நிறமும் வந்தது. என் நிறம், அப்படியே. நாத்தனார் "மருமகளே" என்பதை நிறுத்திக்கொண்டார். எந்த நாள் என்று சொல்லத் தெரியாது, ஒரு கட்டத்துக்குப் பிறகு பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டார். எனக்கு அதில் நிம்மதிதான்.

ஆனால் அந்தப் படத்தை அவர் போனிலிருந்து எடுக்கவில்லை. சென்ற மாதம் சின்னமனூரில் ஒரு காதுகுத்து. மகளுக்கு இப்போது மூன்று வயது முடிந்துவிட்டது. பந்தியில் பக்கத்து இலைக்காரியிடம் நாத்தனார் போனை நீட்டினார். "அப்ப எப்பிடி இருந்தா தெரியுமா? கண்ணு பட்டுரும். இவதேன் மருந்தக் குடுத்துக் குடுத்துக் கறுக்க வச்சுட்டா." பக்கத்து இலைக்காரி படத்தையும் என் மகளையும் மாற்றி மாற்றிப் பார்த்து உச்சுக் கொட்டினாள். என் மகளும் எட்டிப் படத்தைப் பார்த்தாள்.

திரும்பி வரும் பஸ்ஸில் என் மடியில் உட்கார்ந்திருந்தாள். இப்போதெல்லாம் உட்காருகிறாள்.

"அம்மா, அத்தை போன்ல இருக்கிறது நானா?"

"ஆமா ஆத்தா. அப்ப உனக்கு ரத்தம் இல்ல. சீக்காளியா இருந்த."

அவள் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு என் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பி, வாயை ஆவென்று திறந்து காட்டினாள்.

"வெள்ளையாகுற மருந்து வாங்கித் தாம்மா. துப்பாமக் குடிக்கிறேன்."