மாச்சு பிச்சுவைக் கட்டியது யார்

வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டேன். இந்தக் கோபத்திலிருந்து இன்னும் இல்லை.

எண்பதுகளின் கடைசியில், லண்டன் ஹரோவில் எங்கள் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி பேச்சுப் போட்டி நடத்தியது. போட்டி விதிகளை எழுதியவன் நான். நான் வேலை பார்த்த உள்ளூராட்சிக் கவுன்சிலிலும் ஊராருக்கு விதி காட்டுவதுதான் என் தொழில். சின்ன வயதில் யாழ்ப்பாணத்தை விட்டு வந்த என் மகள், வீட்டில் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்லுவாள். அந்த வருடம் தானாகவே வந்து, மேடையில் தமிழில் பேசப்போவதாகச் சொன்னாள். தலைப்பைத் தானே தெரிவு செய்தாள்: மாச்சு பிச்சு.

பெரு நாட்டு மலை முகட்டில் இன்காக்கள் கட்டிய நகரம். இரும்பில்லை, சக்கரமில்லை. சாந்துகூட இல்லாமல், கத்தி முனை நுழையாதபடி கல்லோடு கல்லைப் பொருத்தியிருக்கிறார்கள். ஆனால் அவளைப் பிடித்து ஆட்டியது கல் அல்ல. படையெடுத்து வந்த ஸ்பானியரின் கண்ணில் படாமலே கிடந்த ஊரை அதன் சனம் ஏன் விட்டுப் போனது? யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது.

"திரும்பி வருவம் எண்டு நினைச்சிருப்பினமோ, அப்பா?" என்று கேட்டாள்.

யாழ்ப்பாணத்தில் நாங்கள் விட்டு வந்த வீடும் பூட்டியபடி கிடந்த காலம் அது.

பேச்சை முன்கூட்டியே பள்ளித் தலைவருக்குக் காட்டுவது வழக்கம். அவர் தொழிலால் கணக்காளர். உலகத்தின் எந்தப் பழைய கட்டடமும் தமிழன் கை படாமல் எழும்பியதில்லை என்பது அவருடைய சரித்திரம். முந்திய வருடம் பிரமிட்டைப் பற்றிப் பேசிய பிள்ளையை அப்படியே சொல்லவைத்துப் பரிசும் கொடுத்தார். மகளின் தாளிலும், கப்பலேறிப் போன தமிழ்ச் சிற்பிகளே இன்காக்களுக்குக் கல்வேலை பழக்கினார்கள் என்று ஒரு பந்தியைச் சேர்த்துவிட்டார்.

மேடையில் அவள் அந்தப் பந்தியைச் சொல்லவில்லை. தன் கேள்வியோடு முடித்தாள். ஓரிடத்திலும் தடுமாறவில்லை.

நடுவராக முன்வரிசையில் இருந்த தலைவர் மைக்கை வாங்கினார். "பிள்ளை, ஆர் கட்டினது எண்டு சொல்லேல்லையே?"

"அங்க இருந்த சனம்தான், அங்கிள்."

"காட்டுச் சனத்துக்கு இவ்வளவு ஏலுமோ?"

சபை சிரித்தது. படித்த சபை. வேலையிடத்தில் வெள்ளைக்காரன் இதே தொனியில் ஒன்றைக் கேட்டால், புகார் எழுதித் தரச் சொல்லி என் வீட்டுக் கதவைத் தட்டுகிறவர்கள்.

நான் எழும்பி, நடுவர் பேச்சாளரைக் கேள்வி கேட்க விதியில் இடமில்லை என்றேன்.

"அண்ணை, இருங்கோ. பிள்ளைக்கு ஆறுதல் பரிசு ஒண்டு குடுப்பம்."

நான் விதியை வாசித்துக் காட்டிக்கொண்டிருக்கையில், மகள் மேடையால் இறங்கி, குளிர் மேலங்கியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

முறைப்படி முறைப்பாடு கொடுத்தேன். பள்ளி நிர்வாகக் குழு கூடியது. நான் வென்றேன். தலைவர் எழுத்தில் மன்னிப்புக் கேட்டார். அதை அவள் வாசிக்கவுமில்லை, தமிழ்ப் பள்ளிப் பக்கம் மீண்டும் போகவுமில்லை.

தொண்ணூறுகளில், வேலைக்குச் சேர்ந்து உழைத்த காசில், மாச்சு பிச்சுவுக்குப் போய் வந்தாள். விடிய மூடுபனி விலக, நகரம் துண்டு துண்டாக வெளியே வந்ததையும், கூரையில்லாத வீடுகளுக்குள் தான் தனியாக நடந்ததையும் எனக்குச் சொன்னாள். ஆங்கிலத்தில். நான் தமிழில் கேள்வி கேட்டேன். அவள் ஆங்கிலத்தில் பதில் சொன்னாள். அவள் சொன்ன ஒவ்வொன்றுக்கும் அவளிடம் தமிழ் இருந்தது. அன்று ஒரு மண்டபமே அதைக் கேட்டது, சிரித்தது.