தண்ணீருக்குள் வைத்த லிங்கம்

காற்றில் எவ்வளவு பாதரசம் கலந்திருக்கிறது என்று அளப்பது என் உத்தியோகம். எழுபதுகளின் இறுதியில் நான் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தபோது, காற்று கெடுவது என்றால் கண்ணைக் கரிக்கும் புகை என்றே பலரும் எண்ணினர். கண்ணுக்கும் மூக்குக்கும் எட்டாத பாதரசத்தைப் பிடிக்க எங்களுக்குப் பொன் வேண்டியிருந்தது. விரல் நீளக் கண்ணாடிக் குழாய். அதனுள் பொன்பூச்சு ஏற்றிய மணல். சிறு பம்பு ஒன்று காற்றை அதன் வழியே இழுக்கும். காற்றிலுள்ள பாதரசம் பொன்னைப் பற்றிக்கொள்ளும். பின்னர் குழாயைச் சூடேற்றினால் அது வெளிப்பட்டுக் கருவிக்குள் போகும். கருவியின் பேனா நகரும் தாளில் ஒரு மேடு வரையும். அந்த மேட்டின் உயரமே எங்களுக்கு விடை.

பம்பை, கோலாலம்பூருக்கு அருகே ஆலைகள் நிறைந்த கிள்ளானில் ஒரு கட்டடத்தின் மொட்டைமாடியில் வைத்திருந்தோம். காலையில் பதிகம் ஓதி, நீறு பூசிக்கொண்டுதான் அங்கே புறப்படுவேன். நிலமும் நீரும் காற்றுமாய் நிற்பவன் அவன் என்று வாய் ஓதும். அந்தக் காற்றை அளக்கக் கை பம்பைத் திருகும். இரண்டுக்கும் இடையே எனக்கு ஒரு நாளும் வழக்கு வந்ததில்லை.

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் எங்கள் வீட்டுப் பூசையறையில் ஓர் இரசலிங்கம் இருந்தது. எங்களுக்குப் பிறந்த ஒரே பெண்குழந்தை தங்கவில்லை. அதற்கு அடுத்த ஆண்டு, தமிழ்நாட்டிலிருந்து கிள்ளானுக்கு வந்திருந்த சித்த வைத்தியர் ஒருவரிடம் என் மனைவி அதை வாங்கினாள். மூலிகைச் சாற்றில் பாதரசத்தைக் கட்டிச் செய்தது என்று அவர் சொன்னார். கட்டைவிரல் பருமன், ஈயம் போன்ற கனம். தினமும் காலையில் அவள் அதைப் பாலிலும் நீரிலும் ஆட்டி, மெல்லிய வெள்ளைத் துணியால் ஈரம் போகத் துடைப்பாள். அவள் துடைக்கும் விதத்தை நான் உற்றுப் பார்ப்பதில்லை. ஒரே சன்னலும் சாத்தியிருக்கும் அந்தச் சிறிய அறையில், லிங்கத்தின் இருபுறமும் விளக்குகள் பொழுதெல்லாம் எரியும்.

பாதரசத்தையே ஆராய்கிறவன் அதைப் பற்றி ஒன்றும் எண்ணவில்லையா என்று பின்னாளில் கேட்டவர்கள் உண்டு. எண்ணவில்லை. கட்டிய பாதரசம் பாதரசமன்று என்பது நாங்கள் கேட்டு வளர்ந்த செய்தி. ஆய்வுக்கூடத்துப் பாதரசமும் வீட்டுப் பாதரசமும் என் மனத்தில் வெவ்வேறு அறைகளில் இருந்தன.

எண்பதுகளின் நடுவில் மனைவியின் கைகள் நடுங்கத் தொடங்கின. பூத்தொடுக்கையில் நார் நழுவியது. காப்பி தட்டில் சிந்தியது. உறக்கம் போயிற்று; வாயெல்லாம் இரும்புச்சுவை என்றாள். மருத்துவர் நரம்புத் தளர்ச்சி என்று சத்து மாத்திரை எழுதினார். நான் அதை வாங்கி வந்து கொடுத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பழுது பார்த்த பம்பு ஒன்றை ஓட்டிப் பார்க்க வீட்டுக்குக் கொண்டுவந்தேன். தூசியும் சந்தடியும் இல்லாத இடம் பூசையறையே என்று அங்கே ஒரு மூலையில் வைத்தேன். மறுநாள் அந்தக் குழாயைச் சூடேற்றியபோது பேனா தாளின் விளிம்பில் போய் முட்டி நின்றது.

கருவியை இயக்கியவர் எங்கள் உதவியாளர். கிள்ளான்காரர், வாய் ஓயாதவர்.

"சார், கிள்ளான் ஃபேக்டரி எல்லாம் தோத்துச்சு லா! எங்க வச்சீங்க பம்பை?"

"வீட்டில். பூசையறையில்."

"அப்ப உங்க சாமி ரூமுக்குத்தான் முதல்ல நோட்டீஸ் அனுப்பணும்."

குழாய் அழுக்காயிருக்கும் என்று சொல்லி இருவரும் சிரித்தோம். புதுக் குழாய் கொண்டுபோனேன். மறுபடியும் பேனா விளிம்பில் முட்டியது. கூடத்தில் வைத்தபோது மேடு தாழ்ந்தது. விளக்கில்லாமல் அறையில் வைத்தேன், சற்றே தாழ்ந்தது. விளக்கேற்றினேன்; எழுந்தது. உதவியாளர் பிறகு சிரிக்கவில்லை. பேனாவின் மை தீரப்போகிறது, மாற்ற வேண்டும் என்று மட்டும் நினைத்தது நினைவிருக்கிறது.

அன்று மாலை மனைவியிடம் சொன்னேன்.

"அது கட்டின ரசம்ங்க. ஓடாது," என்றாள்.

"ஓடலை. சூட்டுல கொஞ்சம் கொஞ்சமா காத்துல கலக்குது. அதைத்தான் நீ மூச்சா இழுக்கிற. கை நடுங்குறது அதனாலதான்."

"அவன் காத்தாவும் இருக்கான்னு தினம் ஓதுறது நீங்கதானே?"

அவள் நடுங்கும் கையை மற்றொரு கையால் பிடித்துக்கொண்டாள்.

இரண்டு நாள் போயிற்று. பிறகு கோயிலுக்குப் போய்க் குருக்களைக் கேட்டோம்.

"உடைஞ்சு பின்னமான மூர்த்தியைத்தான் ஜலத்துல விடறது," என்றார் அவர். "ஆனா வீட்ல மனசு உடம்புன்னு ரெண்டும் கெட்டுப்போறதுன்னா வேற வழியில்லை. ஒரு பூஜை பண்ணி, கிள்ளான் ஆத்துல விட்டுடுங்கோ."

மனைவியின் முகம் தெளிந்தது. வெளியே வந்ததும், "ஆத்துல விடுறதுன்னா சரி. வெள்ளிக்கிழமை போவோம்," என்றாள்.

"ஆத்துல விடக்கூடாது."

"ஏன்?"

"அடியில போய்த் தங்கும். சேத்துலேர்ந்து மீனுக்குப் போகும். முகத்துவாரத்துக் கம்பத்துல குடியிருக்கிறவங்க அந்த மீனைத்தான் பிடிச்சுச் சாப்பிடுறாங்க. பாசார்ல நாம வாங்குறதும் அதுதான்."

"அப்ப என்ன பண்ணச் சொல்றீங்க? உங்க லேப்ல போட்டுப் பூட்டவா? மருந்து போத்தலோட மருந்து போத்தலாவா?" தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "அதுக்கு நான் விடமாட்டேன். கை நடுங்கினா நடுங்கட்டும்."

வீடு வந்து சேர்ந்ததும் அவள் விளக்கேற்றினாள். நான் போய்ச் சன்னலைத் திறந்தேன், அவள் சாத்தினாள். சில வாரங்கள் அப்படியே கழிந்தன. அவளால் ஊசியில் நூல் கோக்க முடியாமல் போயிற்று.

ஆய்வுக்கூடத்தில் பாதரசத்தைத் தடித்த கண்ணாடிச் சாடியில், மேலே நீர் ஊற்றி மூடி வைப்பது வழக்கம். நீர் மேலே நின்றால் அது காற்றோடு கலக்காது. அன்றாடம் பார்த்த அந்தச் சாடியின் முன் ஒருநாள் நெடுநேரம் நின்றேன். அன்றே ஒரு புதுச் சாடியை வீட்டுக்குக் கொண்டுவந்து அவள் முன் வைத்தேன்.

"இதுவும் தண்ணிதான். ஆத்துல விட்டா எங்க போகுதுன்னு தெரியாது. இதுல இருந்தா தண்ணிக்குள்ளயே இருக்கும். லேப்ல தனியா வச்சு நான் பார்த்துக்கிறேன்."

அவள் சாடியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

"தண்ணி வத்திடுமே?"

"வத்த வத்த ஊத்துறேன்."

வெள்ளிக்கிழமை காலை கடைசி முறையாக லிங்கத்தைப் பாலில் ஆட்டினாள், துடைத்தாள். சொம்பிலிருந்து அவளே சாடியில் நீர் ஊற்றினாள். பாதி தரையில் சிந்தியது. துணியோடு லிங்கத்தை உள்ளே இறக்கினாள். நான் பதிகம் பாடினேன். எழுத்துப் பிசகாமல், தாளம் தவறாமல், கடைசிப் பாட்டு வரை பாடினேன். எனக்குள் ஒன்றும் அசையவில்லை.

அன்றே சாடியை ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோனேன். இரசாயனக் கிடங்கின் வாசலில் உதவியாளர் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார்.

"சார், லேபல் ஒட்டுறதா, கும்பிடுறதா?"

"லேபல் ஒட்டுங்க."

நச்சு என்ற சிவப்புச் சீட்டை ஒட்டி, நேராயிருக்கிறதா என்று பார்த்தார். பிறகு சாடியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

பூசையறைச் சன்னல் அதன்பின் மூடப்படவில்லை. பேனாவின் மேடு மாதத்துக்கு மாதம் தாழ்ந்தது. அவள் கைகள் மெல்லத் தேறின; பூத்தொடுக்க முடிந்தது, எழுத்து மட்டும் பழையபடி வரவில்லை. வெள்ளிக்கிழமை மாலை நான் வீடு திரும்பும்போது, "தண்ணி இருக்கா?" என்று கேட்பாள். "இருக்கு" என்பேன். அன்று காலை நீர் ஊற்றியிருப்பேன்.

தொண்ணூறுகளின் இறுதியில், புகைமூட்டத்தால் கோலாலம்பூரில் பகலெல்லாம் மங்கிக் கிடந்த காலத்தை அடுத்து, நான் ஓய்வுபெற்றேன். தண்ணீர் ஊற்றும் வேலை உதவியாளருக்குப் போயிற்று. சில மாதங்களில் அவர் தொலைபேசியில் அழைத்தார்.

"சார், ஸ்டோரைக் காலி பண்ணச் சொல்லிட்டாங்க. நச்சுக்கழிவு லோரி வந்துச்சு. நம்ம சாடியும் போயிடுச்சு சார். தண்ணி ரொப்பித்தான் ஏத்தினேன்."

நன்றி சொல்லி வைத்தேன். மனைவி கூடத்தில் மல்லிகை தொடுத்துக்கொண்டிருந்தாள்.

"யாரு?"

"லேப்லேர்ந்து. எடுத்துட்டுப் போயிட்டாங்களாம்."

அவள் கை நின்றது.

"ஆத்துலயா?"

"இல்லை."

"தண்ணிக்குள்ளதானே?"

"தண்ணியோடதான்."

அவள் திறந்திருந்த பூசையறைச் சன்னலைப் பார்த்தாள். பிறகு நாரை இழுத்து அடுத்த பூவை வைத்தாள்.